இருபத்தேழாவது தலை

எய்லா காண்டோலாவின் வலது தோளைக் கெடுத்தது நூற்று முப்பது கிலோ எடையுள்ள ஒரு மரவெட்டி. கெட்ட ஆள் ஒன்றும் இல்லை. ஸ்கேன் மேஜையிலிருந்து தள்ளுகட்டிலுக்கு மாற்றும்போது, "உங்களுக்கு ஏன் சிரமம், நானே நகர்ந்துக்கறேன்" என்று நல்ல மனதோடு பாதியில் எழுந்தார். மீதிப் பாதி எய்லாவின் தோளில் வந்து இறங்கியது. முப்பத்தெட்டு வருஷம் நோயாளிகளைப் புரட்டிப் போட்ட தோள். அன்றோடு அது கையை விரித்துவிட்டது.

அறுபது வயது. ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். கிரெய்க் ஹார்பர் செயிண்ட் பிரிஜிட் ஆஸ்பத்திரிக்கு அவளை வீட்டுக்கு அனுப்பவும் மனமில்லை, மறுபடி நோயாளிப் பக்கம் விடவும் தைரியமில்லை. இலகுவான வேலை என்று ஒன்று உண்டே, அதைத் தேடினார்கள். டாக்டர் மார்ஷெசோ ஒரு ஆராய்ச்சி வைத்திருந்தார். அதற்கு உட்கார்ந்த இடத்தில் மண்டைகளை அளக்க ஒரு ஆள் வேண்டும். பாதாள அறை, ஜன்னல் கிடையாது, ஒரு திரை, ஒரு மவுஸ். வலது தோள் போனவளுக்கு வலது கையால் மவுஸ் பிடிக்கிற வேலை இலகு வேலையாம். ஆபீஸ்காரர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது! எய்லா இடது கையால் பழகிக்கொண்டாள்.

வேலை இதுதான். மூளையில் சுற்றி முடித்த ரத்தம் கழுத்துக்கு இறங்க, பின்மண்டையின் உட்புறமாக இரண்டு பெரிய சிரைகள் போகின்றன, வலதில் ஒன்று இடதில் ஒன்று. பாடப்புத்தகத்தில் இரண்டையும் ஒரே அளவாக, அண்ணன் தம்பி போல வரைந்திருப்பார்கள். படைத்தவன் பாடப்புத்தகம் படித்ததில்லை. பெரும்பாலானவர்களுக்கு வலது பக்கம் பெருத்திருக்கும். நூற்றில் இருபது முப்பது பேருக்கு இடது பக்கம் நூலாகத்தான் இருக்கும். சிலருக்கு அந்த நூலும் இல்லை. அப்படி இருப்பதால் அவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை. தின்று, தூங்கி, சண்டை போட்டு, எண்பது வயதில் வேறு ஏதாவது வந்து போய்ச் சேருகிறார்கள். இந்த வேறுபாடுகளை எம்.ஆர்.ஐ. படங்களில் ஒழுங்காக அளந்து எழுதி வைக்க வேண்டும் என்பது டாக்டரின் ஆசை.

முன்னூறு தலை சாதாரணமானவர்களுடையவை. இன்னொரு அடுக்கில் நாற்பத்தொரு தலை. இவை எல்லாம் முன்பு இதே ஆஸ்பத்திரியில் 'சிரையில் ரத்தக்கட்டு' என்று எழுதப்பட்டவை. இவற்றில் எத்தனை நிஜமாகவே கட்டு, எத்தனை பிறவியிலேயே சிறுத்த சிரை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெயர் இருக்காது, முகத்தைக் கம்ப்யூட்டர் அழித்திருக்கும். எண், வயது, ஆணா பெண்ணா, படம் எடுத்த வருஷம், அவ்வளவுதான். ஒவ்வொரு தலையையும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, முதலில் எழுதியதைப் பார்க்காமல், மறுபடி அளக்க வேண்டும். தன்னையே தான் நம்பக் கூடாது என்பது அந்த ஆராய்ச்சியின் முதல் சட்டம்.

மத்தியானம் லாய்டு எட்டிப் பார்ப்பான். மேலே மெஷினை இப்போது ஓட்டுபவன் அவன்தான், இருபது வருஷக் கூட்டாளி.

"என்ன எய்லா, இன்னைக்கு எத்தன தல உருண்டுச்சு?"

"பதினொண்ணு. பன்னெண்டாவதா உன் தலையத்தான் வெச்சிருக்கேன். உள்ள ஒண்ணும் இருக்காது, சீக்கிரம் முடிஞ்சிரும்."

"அட போம்மா. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. வீட்டுக்குப் போய்ப் படு."

"வீட்டுக்குப் போனாலும் சுவத்துல ரெண்டு குழாய்தான் தெரியுது. இங்கயே இருக்கேன்."

வீட்டில் அவளுக்காக விளக்குப் போட்டு வைக்க யாரும் இல்லை. கட்டியவன் எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று ஆல்பர்ட்டா போனான், போனவன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அது பழைய கதை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. எய்லாவுக்கு மிச்சமிருந்த ஒரே சொந்தம் தங்கை டூலா. பதின்மூன்று வயது இளையவள். தலை சீவிவிட்டு, பள்ளிக்கூடம் கூட்டிப்போய், பாதி வளர்த்ததே எய்லாதான்.

நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது அடுக்கில் இருபத்தேழாவது தலை திறந்தது. பெண். முப்பத்தொன்று. 2008. இடது சிரை இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு. சரி, பார்ப்போம் என்று படங்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போனாள். பின்மண்டையில், வலது ஓரத்தில், எலும்பில் ஒரு சின்னக் குழி தெரிந்தது. விரல் நுனி வைத்தால் உட்காருகிற அளவு.

எய்லாவின் கை நின்றுவிட்டது. அந்தக் குழியில் அவள் விரல் எத்தனையோ தரம் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து வயதில் டூலா, சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற சானா அறையின் மேல்பலகையிலிருந்து சறுக்கி விழுந்து அடுப்புக்கல்லில் மண்டை மோதியது. ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு ஓடியவள் எய்லா. அதன் பிறகு சீப்பு அந்தக் குழியில் தட்டும்போதெல்லாம் அந்தக் குட்டி 'ஆ' என்று வேண்டுமென்றே கத்தும்.

'கடவுளே, இது அவளா' என்று வாய்விட்டே சொன்னாள். பாதாள அறையில் கேட்க யாருமில்லை.

ஆளை அடையாளம் தெரிந்துவிட்டால் உடனே கையை எடுத்துவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். எய்லா கையை எடுக்கவில்லை. மண்டையின் அடியில் சிரை வெளியேறும் எலும்புத் துவாரத்துக்குப் போனாள். வலது பக்கத் துவாரம் பெரியது. இடது பக்கம் பாதிகூட இல்லை. எலும்புத் துவாரம் சிரைக்குத் தக்கபடிதான் சின்ன வயதிலிருந்து வளரும். முப்பத்தொரு வயதில் வந்த ரத்தக்கட்டு எலும்பைச் சுருக்க முடியாது. டூலாவின் இடது சிரை பிறந்ததிலிருந்தே நூல். அங்கே கட்டு எதுவும் ஒருநாளும் இருந்ததில்லை.

அப்புறம் படத்தை எடுத்திருந்த விதத்தைப் பார்த்தாள். தட்டுகளை அடுக்கியது போல நேர் நேரான வெட்டுகள். 2008இல் இந்த ஆஸ்பத்திரியில் அந்த வகைப் படம் எடுக்கத் தெரிந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அந்த ஆள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

இது விளங்க, மெஷினின் கோணல் புத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வகைப் படத்தில் மெஷின் ரத்தத்தைப் பார்ப்பது எப்படி என்றால், வாசலைத் தாண்டிப் புதிதாக உள்ளே வருகிற ஆளை மட்டும்தான் அதற்குத் தெரியும். உள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பவனைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். சிரையைக் குறுக்கே வெட்டும்படி சாய்த்து எடுத்தால் ரத்தம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். சிரை ஓடுகிற போக்கிலேயே நேராக வெட்டினால் ரத்தம் மங்கிப் போகும். சிரை நூலாகவும் இருந்து, வெட்டும் நேராக இருந்தால், முடிந்தது கதை. ஓடுகிற ரத்தம் இல்லவே இல்லை என்று மெஷின் சாதிக்கும்.

2008இல் அது எய்லாவுக்குத் தெரியாது. டொரண்டோவில் மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தபோது நேர் வெட்டைத்தான் காட்டினார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் டூலா ஒரு வாரத் தலைவலியோடு வந்தாள், எய்லாவே படம் எடுத்தாள். அப்போதிருந்த பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தக்கட்டு என்றார். உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார். பத்து நாளில் தலைவலி போயிற்று. அது ஒற்றைத் தலைவலியாக இருந்திருக்கும், தானாகப் போயிருக்கும். பெயர் மாத்திரைக்குப் போயிற்று.

அதோடு விட்டதா? பிள்ளை பெற்றால் ரத்தம் இன்னும் உறையும், ஆபத்து, ஆசையை விட்டுவிடுங்கள் என்றார் அந்த டாக்டர். டூலாவும் அவள் புருஷன் ரெய்னோவும் அப்போதுதான் பிள்ளைக்கு ஆசைப்பட்டு வீடு பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். அழுதார்கள், ஓய்ந்தார்கள். பிறகு வருஷம் ஒரு ஸ்கேன், கட்டு கரைந்ததா என்று பார்க்க. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய நோயாளியைத் திரும்ப எடுத்தால், போன தடவை எடுத்த மாதிரியே, அதே வெட்டு, அதே கோணத்தில் எடுக்க வேண்டும். அப்போதுதான் ஒப்பிட முடியும். லாய்டும் மற்றவர்களும் எய்லாவின் பழைய அமைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அச்சு அசலாக எடுத்தார்கள். ஈயடிச்சான் காப்பி. ஈயோடு சேர்த்து அடித்தார்கள். இல்லாத கட்டு எப்படிக் கரையும்? 'மாற்றமில்லை, மருந்தைத் தொடரவும்' என்று வருஷா வருஷம் எழுதினார்கள்.

இதுவரை உள்ளதைக்கூட எய்லாவால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். யானைக்கும் அடி சறுக்கும். தெரியாமல் செய்தாள். அவளைக் குடைந்தது வேறு.

2013இல் வின்னிபெக்கில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருந்தாள். அங்கே ஒருத்தர் ஒரே ஆளின் தலையை இரண்டு விதமாக எடுத்துத் திரையில் காட்டினார். நேர் வெட்டில் சிரை இல்லை, சாய் வெட்டில் முழுசாக இருந்தது. கூடத்தில் எல்லோரும் 'அட' என்றார்கள். எய்லாவுக்கு உள்ளங்கை ஜில்லென்று ஆயிற்று. டூலாதான் ஞாபகம் வந்தாள். ஊருக்குத் திரும்பிய மறுநாளே புதிய நோயாளிகள் எல்லோருக்கும் சாய் வெட்டு என்று மாற்றினாள். பழைய நோயாளிகளுக்குப் பழையபடியே என்று விட்டாள், ஒப்பிட வேண்டுமே. 'பெரிய டாக்டர்கள் வருஷா வருஷம் பார்க்கிறார்கள், பட்டன் அமுக்குகிற நான் யார்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இவளை ஒரு தடவை சாய்த்து எடுத்துப் பாருங்கள்' என்று. பத்து நிமிஷ வேலை. சொல்லவில்லை. பயம், வேறென்ன. சொன்னால் முதல் படத்தை எடுத்தது யார் என்று கேட்பார்களே.

அன்று இருபத்தேழாவது வரியைக் காலியாக விட்டுவிட்டு இருபத்தெட்டுக்குப் போனாள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அந்த வரி காலியாகவே கிடந்தது.

சனிக்கிழமை வழக்கம்போல் டூலா வீட்டுச் சானா. போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பாள், அதனால் போனாள். சூட்டுக்குத் தோள் கொஞ்சம் இளகியது, மனசு இளகவில்லை. டூலா கல்லின் மேல் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்க?"

"தோளு."

"தோளு வலிச்சா தோளத்தான தொங்கப் போடணும்? சரி, இங்க பாரு என் தொடைய. பஸ் படியில லேசா இடிச்சேன், அவ்ளோதான். ரெய்னோ பாத்துட்டு, 'இது மானிடோபா, இது ஒண்டேரியோ, இங்க ஒரு ஏரி'ன்னு மேப்பு மாதிரி வெரல் வெச்சுக் காட்டறான்."

"மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் கன்னிப் போகும்."

"தெரியும் தாயே. குறையா சொல்றேன்? அன்னைக்கு நீ படம் எடுத்துக் கண்டுபிடிக்கலேன்னா மானிடோபாவும் இல்ல, தொடையும் இல்ல. ஊர் பூரா சொல்லிட்டுத்தான் திரியறேன், எங்க அக்கா போட்ட உசுருன்னு."

எய்லா எழுந்து இன்னும் தண்ணீர் ஊற்றினாள். ஆவியில் முகம் தெரியாமல் இருந்தால் நல்லது என்று பட்டது.

டூலா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அந்தப் பேச்சை எடுத்தால் அவளுக்கு ஓயாது. "இந்த வருஷம் ஒரு குட்டிப் பொண்ணு ஏறுது, முன்பல் ரெண்டும் கெடையாது. 'உனக்கு எத்தன புள்ளைங்க?'ன்னு கேக்குது. நாப்பத்தாறுன்னேன். வாயப் பொளந்துட்டு, 'எல்லாரையும் எங்க வெச்சிருக்க?'ங்குது. 'வெச்சுக்கறதில்ல கண்ணு, நாலு மணிக்குள்ள அவங்கவங்க வீட்டுல எறக்கி விட்டுருவேன்'னேன்." சொல்லிவிட்டு டூலா சிரித்தாள். எய்லாவும் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் மார்ஷெசோவின் அறைக்குப் போனாள். நாற்பது வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. எப்போதும் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கம்பளிக் காலுறையோடு நடமாடுகிறவர். எய்லா நின்றபடியே சொன்னாள். இருபத்தேழு என் தங்கை, கட்டு இல்லை, துவாரம் சின்னது. டாக்டர் திரையில் வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரின்னுதான் தோணுது. கூப்பிட்டு இன்னொரு தடவை எடுத்துருவோம். சாய்ச்சும் எடுக்கலாம், மருந்து ஏத்தியும் எடுக்கலாம்."

"மொதப் படம் எடுத்தது நான், டாக்டர்."

"பாத்தேன். 2008ல எல்லாரும் அப்படித்தான எடுத்தாங்க? அதப் படிச்சுச் சொன்னது டாக்டர், நீங்க இல்ல. இதுல உங்க பேரே வர வேண்டாம், எய்லா. மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

2013ஐ எய்லா அங்கே சொல்லவில்லை. அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை.

பத்து நாளில் டூலாவுக்கு இடம் கிடைத்தது. லாய்டுதான் படுக்க வைத்தான். எய்லா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, இடது கையால், சாய் வெட்டை வைத்துக் கொடுத்தாள். சொந்தக்காரரைத் தொடக் கூடாதுதான், லாய்டு அன்று எதையும் பார்க்காதவன் போல இருந்தான். ஆறு நிமிஷத்தில் திரையில் வந்தது. மெல்லியதாக, நெளிந்து, வளைந்து, ஆனால் அறுபடாமல், கழுத்துவரை வெள்ளையாக ஓடியது அந்தச் சிரை. அளந்து பார்த்தாள், இரண்டு மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை. பதினாறு வருஷமாக ஒரு பாவமும் அறியாமல் தன் வேலையைச் செய்துகொண்டு கிடந்திருக்கிறது.

டாக்டர் மார்ஷெசோ டூலாவை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். கட்டு இல்லை. எப்போதும் இருந்ததில்லை. பிறவியிலேயே அப்படி, நிறையப் பேருக்கு உண்டு. மாத்திரை தேவையில்லை. ரத்த டாக்டருக்கு நான் கடிதம் எழுதுகிறேன், ஒரு வாரத்தில் அவர் முறைப்படி நிறுத்துவார். நடந்ததற்கு ஆஸ்பத்திரி சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குக் கோபம் இருந்தால் அது நியாயம்தான், யாரிடம் எழுதிக் கொடுப்பது என்று நான் சொல்கிறேன்.

டூலா பேந்தப் பேந்த விழித்தாள். "அப்ப எனக்கு... ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணும் இல்ல. இதக் கண்டுபிடிச்சதே உங்க அக்காதான்."

டூலா திரும்பி எய்லாவைப் பார்த்தாள். கண்ணில் நீர் தளும்பிற்று. எழுந்து வந்து கெட்ட தோள் நல்ல தோள் என்று பார்க்காமல் இறுக்கக் கட்டிக்கொண்டாள். "இதையும் நீதானா? அடிப்பாவி, இதையும் நீயேவா?"

வலியில் எய்லாவுக்குக் கண் இருட்டியது. வாயைத் திறக்காமல் இப்படியே நின்றுவிடலாம். டாக்டரே வழி விட்டுவிட்டார், லாய்டு ஒன்றும் பேசமாட்டான், வின்னிபெக் கூடத்தில் அவள் உள்ளங்கை சில்லிட்டதற்குச் சாட்சி யாரும் இல்லை. அப்படி அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததை அவளால் பிறகு தன்னிடமிருந்தே மறைக்கவும் முடியவில்லை.

இருவரும் கீழே காண்டீனுக்குப் போனார்கள். மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. டூலாவுக்குப் பசி. மீன் சூப்பும் கம்பு ரொட்டியும் வாங்கி வந்து உட்கார்ந்தாள். வாய் ஓயவில்லை. ரெய்னோவிடம் எப்படிச் சொல்வது, கத்தியைப் பயமில்லாமல் பிடிக்கலாம், இனிமேல் மாதா மாதம் ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்திக்கொள்ள வேண்டாம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். எய்லாவின் சூப்பில் ஆடை படிந்தது.

"டூலா, நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாத."

"என்ன, தீர்ப்பு வாசிக்கற மாதிரி?"

"மொதத் தடவ நான் எடுத்த படந்தான் தப்பு. நேரா வெட்டி எடுத்தேன். சாய்ச்சு எடுத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

டூலா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு கையை நீட்டி எய்லாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "உனக்குத் தெரியாதுல்ல? தெரியாமத்தான செஞ்ச? டாக்டருக்கே தெரியல. விடு. இதுக்குப் போயா பத்து நாளா தூங்காத மாதிரி இருக்க?"

இதோடு நிறுத்தியிருக்கலாம். தங்கை மன்னித்தாயிற்று. ஆனால் தங்கை மன்னித்தது வேறு எதையோ. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக எய்லாவால் முடியவில்லை.

"அப்பத் தெரியாது. அப்பறம் தெரிஞ்சுது."

"எப்ப? இந்த ஆராய்ச்சியிலயா?"

"இல்ல. வின்னிபெக்குக்கு ஒரு பயிற்சிக்குப் போனேன்ல, நீகூட பஸ் ஸ்டாண்டுல வந்து விட்டியே. அங்க காமிச்சாங்க. அப்பவே நீதான் நெனப்புக்கு வந்த. வந்து சொல்லியிருக்கணும். பயந்துட்டு சொல்லல."

டூலா மணிக்கட்டிலிருந்து கையை எடுத்தாள். அவசரமாக எடுக்கவில்லை. மேஜையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஓரமாக ஒதுக்கினாள்.

"அது எந்த வருஷம்?"

"2013."

"அப்ப எனக்கு என்ன வயசு?"

எய்லாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பதினொரு வருஷமாகத் தெரிந்த விடை அது. "முப்பத்தாறு."

"அம்மா என்னப் பெத்தப்ப அவளுக்கு நாப்பது," என்றாள் டூலா.

குரலை உயர்த்தவில்லை. பக்கத்து மேஜையில் இரண்டு நர்சுகள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். எய்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மன்னிச்சுடு என்ற சொல் தொண்டைவரை வந்தது. அந்த இடத்தில் அது எவ்வளவு அற்பமாக இருக்கும் என்று பட்டு விழுங்கிவிட்டாள். கண்ணீர் மட்டும் தன் பாட்டுக்கு வழிந்தது. துடைக்கத் தோளைத் தூக்க முடியவில்லை, இடது கை நினைவுக்கு வரவில்லை.

டூலா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. அது வர நாளாகும், வந்தால் போகவும் நாளாகும் என்று இருவருக்கும் தெரிந்தது. ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து எய்லாவின் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"ரெய்னோகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ வராத. நான் கூப்பிடற வரைக்கும் சனிக்கிழமை வராத."

"சரி."

"அந்தக் கடுதாசி, மாத்திரைய நிறுத்தறதுக்கு. அந்தம்மா ஒரு வாரம்னாங்க." பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஒரு வாரம் எல்லாம் வேண்டாம். போய் நின்னு இன்னைக்கே எழுதி வாங்கு. இதையாவது இன்னைக்கே செய்."

எய்லா எழுந்தாள். லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல், நல்ல கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நாலு மாடியும் படியேறி டாக்டர் மார்ஷெசோவின் அறைக்குப் போனாள்.